நேராகப் பறந்தால்

சியோராக்
செப்டம்பர் 14

அன்புத் தம்பி ஜெய்பிட்டிக்கு,

அக்கா கை குலுக்குகிறேன். நான் நலம். இடது முழங்கால் மட்டும் காற்று திரும்புவதற்கு முன்பே எனக்குச் செய்தி சொல்லிவிடுகிறது. உன் முதுகுவலி எப்படி? மகள் ஈகாவும் அவள் கணவனும் சுகமா? இந்த முறை கரிபூ மான்கள் உங்கள் கிங்ஙாக் பக்கம் வந்தனவா?

நான் பள்ளியில் இருந்தபோது ஒரு மாணவன் கேட்ட கேள்வி இந்த வாரம் முழுக்க நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. தூரத்தைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அவன் கையைத் தூக்கி, "டீச்சர், தரையில வழி தெரியறதுக்குக் கல்லு அடுக்கி வச்சிருக்கோம். வானத்துல எதை வச்சு தூரத்தை அளக்கிறாங்க?" என்றான். நான் தையல் நூலை எடுத்துச் சுவர் வரைபடத்தில் வைத்துக் காட்டினேன். நம் சியோராக்கிலிருந்து கிங்ஙாக்குக்கு நேராக இழுத்தால் நூல் என் ஆள்காட்டி விரல் நீளம். இக்காலுயிட் நகரத்துக்குப் போய்ச் சுற்றி வந்தால் தோளிலிருந்து விரல் நுனி வரை. வகுப்பு முழுக்க வாயைப் பிளந்தது. அவனுக்கு மட்டும் திருப்தி இல்லை. "இது காகிதத்துல இருக்கிற தூரம், டீச்சர். நான் வானத்தைக் கேட்டேன்" என்றான். மணி அடித்தது. நான் தப்பித்தேன்.

இப்போது எதற்கு இந்தக் கதை என்கிறாயா? கூட்டுறவுக் கடைக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். புதிதாக ஒரு நிறுவனம் ஜனவரி முதல் நம் இரண்டு ஊருக்கும் நடுவே நேராக விமானம் விடப் போகிறதாம். கடையில் ஒரே குதூகலம். "ஊத்தின டீ ஆறுறதுக்குள்ள அங்க போயிடலாம்" என்கிறார்கள். நான் வாங்கப் போன மாவை வாங்காமலே வீடு திரும்பினேன்.

நீங்கள் யாரும் அதில் ஏற வேண்டாம். சுற்றுவழி நீளம்தான். ஆனால் அதில் போனவர்கள் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். துப்பாக்கியும் பனிவண்டியும் உன் காதைத் தின்ற பிறகு, நான் கத்துவதும் நீ தப்பான இடத்தில் சிரிப்பதுமாக அது சரிப்பட்டு வரவில்லை. ஆகையால் எழுது.

உன் அக்கா
லீட்டியா


கிங்ஙாக்
அக்டோபர் 20

அக்காவுக்கு,

தம்பியின் கை இங்கிருந்து நீண்டு வந்து உன் கையைக் குலுக்குகிறது. முழங்காலுக்குச் சீல் கொழுப்பைத் தடவு. கடை மருந்தை நம்பாதே. முதுகு பழையபடிதான். மான்கள் வந்தன, நல்ல கொழுப்பு. ஒரு பை உலர்ந்த இறைச்சி கொடுத்தனுப்பியிருக்கிறேன், பாதி வழியில் யாரும் தின்னாமல் இருந்தால் உன்னிடம் வந்து சேரும்.

அந்த அறிவிப்பு இங்கேயும் ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் விமானத்தளத்து அலூக்கி என்னைக் கேலி செய்கிறான்: "தலைக்கு மேல விமானம் போனாக்கூட நீங்க கொசுவான்னு கேப்பீங்க, பெரியவரே!" அவனுக்கு ஒன்று தெரியாது. விமானம் வருவது இந்த ஊரில் முதலில் தெரிவது எனக்குத்தான். ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொள்வேன். மற்றவர்கள் காதைக் கொடுத்துக் கேட்பதற்குள் கண்ணாடி என் கைக்குச் சொல்லிவிடும்.

நல்ல செய்தி. ஈகா கர்ப்பமாக இருக்கிறாள். மே மாதம் பிறக்கும். இங்கே பிரசவம் பார்க்க ஆள் இல்லை என்பதால் ஒரு மாதம் முன்பே வெளியூர் போய்விட வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். இக்காலுயிட் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், அல்லது உங்கள் ஊரில் மருத்துவச்சி ரோடா நடத்தும் பிரசவ இல்லத்துக்கு வரலாம். "தெரியாத ஊர்ல தெரியாத கட்டில்ல படுத்துக்கிட்டு நான் சுவரைப் பாக்க மாட்டேன், அத்தைகிட்டதான் போவேன்" என்று ஈகா ஒரே பிடிவாதம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதை அப்புறம் எழுதுகிறேன்.

தம்பி
ஜெய்பிட்டி


சியோராக்
நவம்பர் 15

அன்புத் தம்பிக்கு,

உன் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்குகிறேன். இறைச்சி வந்தது. ஓரத்தில் யாரோ கடித்துப் பார்த்திருக்கிறார்கள், பரவாயில்லை. சீல் கொழுப்பைத் தடவினேன். முழங்கால் வலிக்கிறது, நாற்றமும் அடிக்கிறது.

ஈகாவின் செய்தியைப் படித்தேன். என் வீட்டு ஜன்னல் ஓரத்தில் அவளுக்குப் படுக்கை போடுகிறேன். தாராளமாக வரட்டும். இக்காலுயிட் வழியாக வரட்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நிரம்பி வழியும் தேநீர்க் கோப்பையை நீ கரைக்கு எடுத்துப் போக வேண்டும். ஒரு வழி குறுக்கே போகிறது, ஆனால் பனிக்கட்டி எங்கே மெல்லியது என்று தெரியாது. இன்னொரு வழி பாறை மேலேயே சுற்றிச் சுற்றிப் போகிறது. தேநீர் ஆறிப்போகும், ஆனால் கோப்பை கையில் இருக்கும். நீ எந்த வழியில் போவாய்? சின்ன வயதில் நீ குறுக்கே ஓடி நனைந்து வந்தவன் என்பது எனக்குத் தெரியும். உன் மகளை அப்படி அனுப்பாதே.

நம் இரண்டு ஊருக்கும் நடுவே இருக்கும் ஜலசந்திக்கு மேலே பனிமூட்டம் எப்போது எழும் என்று யாராலும் சொல்ல முடியாது. காரணம் அவ்வளவுதான். வேறு எதுவும் கேட்காதே.

இன்னொரு விஷயம் என்றாயே, அது என்ன?

உன் அக்கா
லீட்டியா


கிங்ஙாக்
டிசம்பர் 8

அக்காவுக்கு,

கை குலுக்கல். இந்தக் குளிர்காலத்துக்குச் சூரியன் போய்விட்டது. எல்லோரும் நலம், எல்லோருக்கும் சளி.

தேநீர்க் கோப்பை உதாரணம் நன்றாக இருந்தது. ஈகாவிடம் படித்துக் காட்டினேன். "அத்தை என்னை டீன்னு சொல்றாங்களா?" என்று சிரித்தாள். ஆனால் அக்கா, கோப்பைக்குக் கால் வீங்காது. இவளுக்கு இப்போதே வீங்குகிறது. ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டு வருகிறது, இரண்டு விமானம் மாறி, நடுவில் விடுதியில் காத்துக் கிடந்து வருவது அவளுக்கு ஆகாது என்கிறாள் நர்ஸ். நேர் விமானம் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம்.

நீ பயப்படுகிறாய். பனிமூட்டத்துக்கு மட்டும் அல்ல. நான் கேட்கவில்லை, நீ சொல்லவும் வேண்டாம். உன் பயத்தை மதிக்கிறேன். இருந்தாலும் மகள் என்னுடையவள்.

நீ படுக்கை போடுகிறேன் என்றது சந்தோஷம். நேரம் இருந்தால் மருமானுக்கு ஒரு ஜோடி சீல் தோல் காலணி தைத்து வை. குட்டிக் கால்தானே, உனக்கு ஒரு சாயங்கால வேலை. அவனுக்கு எப்போதும் கால்தான் முதலில் குளிரும்.

தம்பி
ஜெய்பிட்டி


சியோராக்
பிப்ரவரி 10

ஜெய்பிட்டிக்கு,

கை குலுக்கல். நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

இத்தனை நாள் பதில் எழுதாததற்கு என் முழங்கால் காரணம் அல்ல.

மருமான் என்று எழுதியிருக்கிறாய். மகளின் வயிற்றில் இருப்பது உனக்குப் பேரக்குழந்தை. நீ மருமான் என்று அழைக்க இந்த உலகத்தில் ஒரே ஒருத்தன்தான் இருந்தான், உன் அக்கா மகன், என் உலாயுக். அவனுக்குத்தான் எப்போதும் கால் முதலில் குளிரும். உன் கை தன்னை அறியாமல் எழுதிவிட்டது. இன்னொரு விஷயம் என்ன என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

நம் வழக்கத்தை நீ எனக்குச் சொல்லித்தர வேண்டாம். இறந்தவர் பெயரைப் பிறக்கும் குழந்தைக்கு வைத்தால் இறந்தவர் திரும்பி வருகிறார். குழந்தையை அவர் முறை சொல்லியே அழைக்கிறோம். நானே என் வகுப்பில் ஒரு குட்டிப் பெண்ணை 'அப்பா' என்று அழைத்துக்கொண்டு பாடம் நடத்தியவள். அதெல்லாம் இறந்தவர்களுக்கு. பல வருடங்களுக்கு முன் என் மகன் இங்கிருந்து உன் வீட்டுக்கு வர, அந்த நேர்ப்பாதையில் போன ஒரு சிறு விமானத்தில் ஏறினான். விமானமும் கிடைக்கவில்லை, விமானியும் கிடைக்கவில்லை, அவனும் கிடைக்கவில்லை. அவன் இன்னும் வந்து சேரவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அந்த முதல் குளிர்காலத்தில் மூன்று வீட்டார் அவன் பெயரைக் கேட்டு வந்தார்கள். "ஒரு எலும்பையாச்சும் கொண்டுவந்து காட்டுங்க. அப்புறம் பேரைக் கேளுங்க" என்று கதவைச் சாத்தினேன். அதன் பிறகு இந்த ஊரில் யாரும் என் காதுபட அந்தப் பெயரைச் சொன்னதில்லை. பெயரைக் கொடுத்தால் அவனை நானே புதைத்ததாகிவிடும். எதை வைத்துப் புதைப்பேன்?

நேர் விமானம் தொடங்கிவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் வருகிறது. அந்த நாட்களில் என்னால் ஊசியில் நூல் கோர்க்க முடிவதில்லை. அது இறங்கும்வரை ஜன்னலில் நிற்கிறேன். இறங்கியவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கிறேன். எதற்குப் பார்க்கிறேன் என்று கேட்காதே.

பெயரை எடுக்காதீர்கள். ஈகாவைச் சுற்றுவழியில் அனுப்பு.

லீட்டியா


கிங்ஙாக்
பிப்ரவரி 27

அன்புள்ள அத்தைக்கு,

ஈகா எழுதுகிறேன். உங்கள் கையைக் குலுக்க வேண்டும், ஆனால் இப்போது வயிறு குறுக்கே நிற்கிறது. நான் நலம், கால்களைத் தவிர. உங்கள் முழங்காலும் என் கால்களும் சேர்ந்தால் ஒரு நல்ல கால் தேறுமா பாருங்கள்.

உங்கள் கடிதத்தை அப்பா படித்துவிட்டு மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். பதில் எழுதவில்லை. நான் கேட்டு வாங்கிப் படித்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

அப்பா உங்களுக்கு எழுதாத ஒன்றை நான் எழுதுகிறேன். நான் கர்ப்பமானதிலிருந்து அவருக்கு ஒரே கனவு. உலாயுக் அண்ணன் எங்கள் வீட்டின் அடுப்பில்லாத முன்னறையில் நிற்கிறாராம். கோட்டெல்லாம் பனி. உள்ளே வரமாட்டேன் என்கிறாராம். "மாமா, தண்ணி குடுங்க" என்று மட்டும் கேட்கிறாராம். காலையில் பார்த்தால் முன்னறையில் அப்பா வைத்த தண்ணீர்க் கோப்பை உறைந்து கிடக்கும். கனவில் தண்ணீர் கேட்டு வருகிறவர் பெயர் கேட்டு வருகிறார் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "மருமானுக்குத் தாகமா இருக்கு" என்று வாய் தவறி என் வயிற்றைப் பார்த்தே பேசுகிறார். உங்களைப் புண்படுத்தக் கூடாது என்றுதான் எழுதாமல் இருந்தார்.

அத்தை, நீங்கள் உங்கள் வாயால் சொல்லாமல் அந்தப் பெயரை நான் என் குழந்தைக்கு வைக்க மாட்டேன். இது என் வாக்கு. வேறு பெயர்கள் இருக்கின்றன.

ஆனால் வருவது நேர் விமானத்தில்தான். நர்ஸ் சுற்றுவழிக்குத் தலையாட்ட மாட்டேன் என்கிறாள். ஏப்ரல் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை. கூட்டுறவுக் கடை கூனூ அக்காவும் என்னோடு வருகிறார். அவர் வாய்க்குப் பயந்து விமானம் ஒழுங்காகப் பறக்கும் என்று அப்பா சொல்கிறார்.

எனக்கும் பயம்தான். அந்த ஜலசந்தியைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொள்வதா, திறந்து கீழே பார்ப்பதா என்று தெரியவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?

உங்கள் மருமகள்
ஈகா


சியோராக்
மார்ச் 18

என் கண்ணு ஈகாவுக்கு,

அத்தையின் முத்தம். வயிற்றைச் சுற்றி வந்து கை குலுக்குகிறேன். காலை உயர்த்தி வைத்துப் படு. உப்பைக் குறை.

வா. படுக்கை தயார்.

உள்ளே மான் தோல் கால்சட்டையைப் போட்டுக்கொள். அழகில்லை என்று கடையில் வாங்கியதைப் போடாதே. கோட்டுப் பையில் உலர்ந்த இறைச்சியும் தீப்பெட்டியும் இருக்கட்டும். ஏறுவதற்கு முன் இறக்கையைப் பார். வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் ஏறாதே, விமானி எவ்வளவு சிரித்தாலும் ஏறாதே. இதெல்லாம் நான் இன்னொருவரிடமும் சொல்லியிருக்க வேண்டியவை.

கண்ணைத் திறந்தே வை. யாராவது ஒருத்தர் பார்க்க வேண்டும்.

பெயரைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

அத்தை
லீட்டியா


கிங்ஙாக்
ஏப்ரல் 21

அக்காவுக்கு,

முதலில் உன் கையைப் பிடித்துக்கொள்கிறேன். குலுக்கவில்லை, பிடித்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஈகாவை நான்தான் ஏற்றிவிட்டேன். இறக்கையை அவளே தடவிப் பார்த்தாள். வானம் தெளிவாக இருந்தது. விமானம் மலைக்குப் பின்னால் மறையும்வரை தளத்து ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். கண்ணாடி அமைதியானதும் வீட்டுக்கு வந்து தேநீர் போட்டேன். நீ அழைப்பாய், யாராவது வந்து சொல்வார்கள் என்று இருந்தேன். யாரும் வரவில்லை.

திரும்பத் தளத்துக்குப் போனபோது அங்கே ஊரே நின்றுகொண்டிருந்தது. ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்கா, காது கேட்காதவனுக்கு அது போதும். அலூக்கி ரேடியோ முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். சியோராக்கில் விமானம் இறங்கவில்லை என்பதை அவன் உதட்டிலிருந்து படித்தேன். வெளியே போய் என் பனிவண்டியைக் கிளப்பினேன். ஈகாவின் கணவன் ஓடி வந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டான். அவனை அடித்தேன். அவன் திருப்பி அடிக்கவில்லை.

பிறகு அலூக்கி காகிதத்தில் எழுதிக் காட்டினான்: "இறக்கையில ஐஸ். பழைய ரேடார் நிலைய ஓடுபாதையில இறங்கிட்டாங்க. உயிரோட இருக்காங்க." கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எழுதினான்: "ஈகாவுக்கு வலி வந்திருச்சு."

அதன் பிறகு யாரும் எனக்கு எழுதிக் காட்டவில்லை. எல்லோரும் ரேடியோவில் இருந்தார்கள். நான் அவர்கள் முகங்களில் இருந்தேன். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருவன் தொப்பியைக் கழற்றினான். அது ஏன் என்று எனக்குத் தெரியாது. என் மகள் செத்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் ரேடியோப் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்தேன். அதிர்ந்தது, நின்றது. அதிர்ந்தது, நின்றது. பேச்சு என்று புரிந்துகொண்டேன். பிறகு ஒரு நீண்ட அதிர்வு. ஒரே மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது. அப்படி ஒரு பயத்தை நான் பனிக்கட்டி உடைந்து தண்ணீரில் விழுந்தபோதுகூட அனுபவித்ததில்லை. அதன் முடிவில் மூன்று நான்கு குட்டி அதிர்வுகள். அது உன் குரல், அக்கா. எப்படி என்று கேட்காதே, கைக்குத் தெரிந்தது.

எல்லோரும் அழுதார்கள். வெகுநேரம் கழித்து அலூக்கி கைகளைத் தொட்டில் போல மடித்து ஆட்டிக் காட்டினான். காகிதத்தில் ஒரே ஒரு சொல் எழுதினான். அது உலாயுக்.

மறுநாள் உன்னிடம் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்றார்கள். பையனா பெண்ணா என்று கேட்கவே மறந்துவிட்டேன். அதுவா முக்கியம்?

ஆனால் அந்த ரேடியோவில் நீ என்ன சொன்னாய்? கேட்டால் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள், ஒருவரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. நீ எழுது.

இந்த வாரம் கனவு வரவில்லை.

தம்பி
ஜெய்பிட்டி


சியோராக்
மே 2

அன்புத் தம்பி ஜெய்பிட்டிக்கு,

கை குலுக்கல், முத்தம், இரண்டும். ஈகா நலம். கால் வீக்கம் வடிந்துவிட்டது. நீ அடித்த இடத்தில் உன் மாப்பிள்ளைக்கு வலிக்கிறதா என்று அவள் கேட்கிறாள். நான் நலம்.

அன்று நானும் மருத்துவச்சி ரோடாவும் விமானத்தளத்து அறையில் இருந்தோம். வர வேண்டிய நேரம் கடந்தது. ஜலசந்திப் பக்கம் வெள்ளையாக எழுந்து வந்துகொண்டிருந்தது. ரேடியோவில் இருந்த மோசஸி என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த முதுகை எனக்குத் தெரியும், ஜெய்பிட்டி. என் மகன் வராத அன்று அவன் அப்பாவும் அதே நாற்காலியில் அதே மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு ரேடார் நிலையத்துக் குடிசையிலிருந்து கூனூவின் குரல் வந்தது. "லீட்டியாக்கா, எல்லாரும் உசுரோட இருக்கோம். இங்க அடுப்பு இருக்கு, ரேடியோ இருக்கு. இன்னும் கொஞ்ச நேரத்துல ஒரு புள்ளையும் இருக்கும் போல. பைலட் தம்பி வாசல்ல நின்னு வாந்தி எடுக்கிறான், புள்ளத்தாச்சி இவளா அவனான்னே தெரியல."

ரோடா மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். முதலில் நன்றாகத்தான் போனது. பிறகு நின்றுவிட்டது. ஈகா தள்ளுகிறாள், குழந்தை வரவில்லை. கூனூவின் குரலில் கேலி போய்விட்டது. பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தாள், நம்மவர்கள் செய்வதுபோல. தன் பெயரைக் கேட்டால்தானே குழந்தை வெளியே வரும். தன் அம்மாவின் பெயர், நம் அப்பாவின் பெயர், ஈகா கணவனின் பாட்டன் பெயர் என்று செத்தவர்களையெல்லாம் கூப்பிட்டுவிட்டாள். ஒருவரும் வரவில்லை.

"இன்னும் ஒரு பேரு பாக்கி இருக்கு, அக்கா. நான் கூப்பிடப் போனா இவ என் வாயைப் பொத்துறா" என்றாள்.

அறையில் இருந்த எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். உங்கள் பக்கம் ஒருவன் தொப்பியைக் கழற்றியது அப்போதுதான் இருக்கும்.

பிறகு ஈகா பேசினாள். அவள் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. "அத்தை, வாக்குக் குடுத்திருக்கேன். நீங்க சொல்லாம நான் சொல்ல மாட்டேன். ஆனா சீக்கிரம் சொல்லுங்க அத்தை. சொல்லலன்னாலும் சொல்லலன்னு சொல்லிடுங்க."

ரோடா மைக்கை என் கையில் கொடுத்தாள். பொத்தானை அழுத்தினேன். வாய் திறக்கவில்லை. சொன்னால் என் மகன் செத்துவிடுவான். சொல்லாவிட்டால் உன் மகள். அழுத்திய விரலை எடுக்கவும் முடியவில்லை. நாம் அழுத்திக்கொண்டிருக்கும்வரை அந்தப் பக்கத்துக் குரல் நமக்குக் கேட்காது என்று உனக்குத் தெரியும். நீ கையால் உணர்ந்த அந்த நீண்ட அதிர்வு அதுதான். நான் பேசாமல் நின்ற நேரம் அது. ரோடா என் காதில் மெதுவாகச் சொன்னாள்: "டீச்சர், நீங்க இப்படியே புடிச்சுக்கிட்டு இருந்தா அவ கத்துறதுகூட நமக்குக் கேக்காது."

எனக்கு உன் வீட்டு முன்னறைதான் கண்ணில் நின்றது. கோட்டெல்லாம் பனியோடு ஒருத்தன் நிற்கிறான். உள்ளே வா என்று யாரும் சொல்லாததால் வெளியிலேயே நிற்கிறான். சொல்ல வேண்டியவள் நான்.

நான் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை, தம்பி. சின்ன வயதில் இருட்டிய பிறகும் வீட்டுக்கு வராமல் பனியில் விளையாடுவானே, அப்போது கதவைத் திறந்து கத்துவேனே, அதே குரல் தானாக வந்தது. "உலாயுக்! வெளியில இருந்தது போதும்டா. உள்ள வா!"

அவ்வளவுதான். விரலை எடுத்தேன்.

அந்தப் பக்கத்திலிருந்து வெறும் இரைச்சல் வந்தது. வெகுநேரம் அதுதான் வந்தது. பிறகு ஒரு சின்னக் கத்தல். மோசஸி இந்தப் பக்கம் திரும்பினான்.

ஈகாவை மண்டியிட்டுத் திரும்பச் சொன்னதால்தான் குழந்தை இறங்கியது என்கிறாள் ரோடா. பெயரால் வந்தது என்கிறாள் கூனூ. நான் இத்தனை வருடம் பாடம் நடத்தியவள், இரண்டு விடைக்கும் மதிப்பெண் போட்டுவிட்டேன்.

மறுநாள் விமானம் இறங்கியது. இறங்கியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். கடைசியாக ஈகா வந்தாள், கூனூவின் கோட்டுக்குள் ஒரு மூட்டையோடு. நான் வாங்கி முகத்தைத் திறந்து, "மகனே, வந்துட்டியா" என்றேன். பக்கத்தில் நின்ற, நம் வழக்கம் தெரியாத தெற்கத்தி விமானிக்கு ஒரே குழப்பம். "பெண் குழந்தைதானே?" என்று கூனூவிடம் கேட்டான். "ஆமா தம்பி, பெண் குழந்தைதான். இவங்க மகன்" என்றாள் கூனூ.

ஆக, உன் மருமான் ஒரு பெண். ஈகா தான் பெற்றதை 'அண்ணா' என்று கூப்பிட்டுப் பால் கொடுக்கிறாள். அண்ணனுக்குக் கோபம் வந்தால் உதைக்கிறார். காலணி தைத்துவிட்டேன், அதற்குள்ளும் கால் சில்லென்றுதான் இருக்கிறது.

பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. நேற்று வெள்ளிக்கிழமை விமானச் சத்தம் கேட்டபோது என் கை ஜன்னலுக்குத்தான் போனது. அவன் மடியில் இருந்தான், அதனால் உட்கார்ந்தபடியே பார்த்தேன். இவனைத் தூக்கிக்கொண்டு அழும் நாட்களும் உண்டு. ஈகா ஏன் என்று கேட்பதில்லை.

வானத்தில் தூரத்தை எதை வைத்து அளக்கிறார்கள் என்று வகுப்பில் கேட்டவன் உலாயுக்தான். முதல் கடிதத்தில் அவன் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. மணி அடித்துவிட்டது என்று அன்று தப்பித்தேன். இவனுக்குப் பேச்சு வந்து மறுபடி கேட்டால் தப்பிக்கப் போவதில்லை. ரேடியோவின் முன்னால் நான் பேசாமல் நின்ற நேரத்தைத்தான் அளவாகச் சொல்வேன்.

ஜூன் மாதம் இவர்கள் உன்னிடம் திரும்புகிறார்கள், நேர் விமானத்தில். மூன்றாவது இருக்கையை எனக்குப் போட்டிருக்கிறேன். பயந்துகொண்டேதான் ஏறுவேன். ஜலசந்தி வரும்போது கண்ணைத் திறந்து வைத்திருப்பேன்.

முன்னறையில் கோப்பை வைக்க வேண்டாம். கழுவி உள்ளே வை.

உன் அக்கா
லீட்டியா

இவன் அழுவது உனக்குக் கேட்காதே என்று ஈகா கவலைப்படுகிறாள். அழும்போது அந்தச் சின்ன முதுகில் உன் உள்ளங்கையை வைத்துப் பார்.